நரிக்கண் மோதிரம்

பிறந்தநாளை மறந்தால் எங்கள் மலையில் மன்னிப்பு உண்டு. பெயர்நாளை மறந்தால் கிடையாது. ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பெயர் என்று ஊரில் எல்லார் வீட்டுக் காலண்டரிலும் அச்சடித்துத் தொங்குகிறதை மறந்துவிட்டேன் என்று எவன் சொல்ல முடியும்? அதனால் அக்டோபரில் ஹெட்விகா என்ற பெயருக்கு உரிய நாளன்று, உச்சிப்பொழுதுக்கெல்லாம் ஹெட்விகாவின் பீர்க்கடையில் உட்கார இடமில்லை. சிலர் பூ கொண்டுவந்தார்கள், சிலர் சாக்லேட். வனக்காவலன் ராதிம் ஒரு கூடை காளான் கொண்டுவந்தான். வெள்ளிவேலை செய்கிற ஒடகார் மட்டும் கோட்டுப் பைக்குள் ஒரு கையை விட்டபடி வந்து நின்றான். விட்ட கையை வெளியே எடுக்கவில்லை.

பைக்குள் ஒரு சின்னப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு மோதிரம்.

ஒடகாருக்கு ஐம்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பெரிதாகக் காரணம் தேட வேண்டாம். ஒரு வேலையைத் தொட்டால் அது சரியாக வரும்வரை விடமாட்டான். சரியாக வந்துவிட்டது என்று ஒருநாளும் ஒப்புக்கொள்ளவும் மாட்டான். அப்படிப்பட்டவன் பெண் கேட்கக் கிளம்புவது எந்தக் காலத்தில்? பழைய கண்ணாடிக் கற்களை வெள்ளியில் பதித்து நகை செய்வது அவன் பிழைப்பு. கண்ணாடிப் பட்டறைகளுக்குப் பேர்போன எங்கள் யப்லொனெட்ஸ் வட்டாரத்தில் கண்ணாடிக்குப் பஞ்சமா என்ன? உருளைக்கிழங்கு தோண்டினால் கிழங்குக்கு முன்னால் பாசிமணிதான் வரும். அந்தக் காலத்துப் பட்டறைக்காரர்கள் கழித்துக் கட்டியதையெல்லாம் வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வருஷம் பனி உருகத் தொடங்கியதும் ஒடகார் முயல் கூண்டுக்குக் கால் நடக் குழி தோண்டினான். பொத்தான்கள், மணிகள், மூளியான பதக்கக் கற்கள் என்று வழக்கமான சரக்கு வந்தது. அதோடு இரண்டு கற்கள். மொச்சைக்கொட்டை அளவு, முதுகு தட்டை, முகம் குவிந்து பளபளப்பு, கெட்டித் தேன் நிறம், நடுவில் ஒரு கறுப்புக் கோடு. கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான். முயல்கள் இன்னும் பழைய கூண்டில்தான் இருக்கின்றன.

இரண்டில் ஒன்றைப் பதக்கமாக்கி ஈஸ்டர் சந்தையில் விற்றான். மற்றதற்குக் கோடை முழுக்க மோதிரம் செய்தான். செய்தான், பிடிக்கவில்லை என்று உருக்கினான், மறுபடி செய்தான். கண்ணாடிக்கு நெருப்பு ஆகாது. வெள்ளியைப் பற்றவைத்து, அரம் போட்டு, மெருகேற்றி எல்லாம் முடிந்த பிறகுதான் கல்லை உள்ளே உட்காரவைத்து, சுற்றிலும் விளிம்பை நெருக்கி மடக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் கல் தெறித்துவிடும். மாற்றுக் கல் கிடையாது. விளிம்பை மடக்கிய அன்று அவன் மூச்சு விட்டானா என்பதே சந்தேகம்தான். கறுப்புக் கோடு விரலுக்குக் குறுக்கே படுத்திருக்கும்படி கல்லை வைத்தான். அதுதான் அழகு என்று அவனுக்குப் பட்டது.

ஹெட்விகாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்று அக்காள்களுக்குப் பின்னால் பிறந்தவள். அவள் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன பூட்ஸ் மூன்று பேர் போட்டுத் தேய்த்தது. இந்தக் கடை அவள் கைக்கு வந்ததே அண்ணன் வேண்டாம் என்று உதறியதால்தான். அதையாவது விடுங்கள். முதல் கல்யாணத்தில் புருஷன் போட்ட மோதிரம் அவனுடைய பழைய காதலிக்காகச் செய்தது. அவள் திருப்பி எறிந்ததை அளவு குறைத்து இவள் விரலில் மாட்டிவிட்டான். விஷயம் தெரிந்த அன்று ஹெட்விகா அழவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவன் குடித்துக்கொண்டிருந்த பீரில் போட்டுவிட்டு, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றிலிருந்து மிச்சம் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. நேற்று வைத்த குழம்பை அவள் கடையில் யாரும் சாப்பிட முடியாது. எங்கள் ஊர் நாய்கள் கொடுத்துவைத்தவை.

இதெல்லாம் ஊருக்கே தெரியும், ஒடகாருக்கும் தெரியும். அவளுக்கென்றே ஒன்று செய்து கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்று அவன் இருந்ததும் அதனால்தான்.

அவன் உள்ளே போனபோது ஹெட்விகா ஆவி பறக்கிற நீள மாவுருளையைப் பலகையில் வைத்து நூலால் அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தி வைத்தால் மாவு நசுங்கும். நூல் வைத்தால் வில்லை வில்லையாக விழும்.

"என்னய்யா, கையில அடிகிடி பட்டுருச்சா? பைக்குள்ளயே ஒளிச்சு வச்சிருக்க?"

"அடியெல்லாம் இல்ல. பெயர்நாளுக்கு ஒண்ணு கொண்டுவந்தேன்."

"பூவா? பைக்குள்ள வச்சா கசங்கித் தொலையாதா?"

"பூ இல்ல."

பெட்டியை எடுத்து மாவு சிந்தியிருந்த பலகைமேலேயே வைத்தான். ஹெட்விகா கையைத் துடைத்துக்கொண்டு திறந்தாள். மோதிரத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எக்கிப் பார்க்க, பின்னால் இருந்தவர்கள் நாற்காலிமேல் ஏறினார்கள்.

"பெயர்நாளுக்கா இது?"

"பெயர்நாளுக்கும்தான். மத்ததுக்கும்தான்."

"எந்த மத்ததுக்கு?"

"வாயைத் திறந்து கேளுடா!" என்று ராதிம் கத்தினான். "காளான்கூட உன்னைவிட வேகமா வளருது!"

ஒடகார் வீட்டில் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஏழெட்டு இருந்தன. சமயத்துக்கு ஒன்றும் வரவில்லை. மாவுருளையைப் பார்த்தபடி, "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா, ஹெட்விகா?" என்றான்.

அவள் மோதிரத்தைப் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அளவு எப்படிய்யா தெரிஞ்சுது?"

"நீ கிளாஸைக் கொண்டாந்து வைக்கிறப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"எனக்குன்னே செஞ்சதா?"

"உனக்குன்னேதான்."

அவள் முகம் சிவந்துவிட்டது. "சரி, இதை அறுத்துப் பரிமாறிட்டு வந்து பதில் சொல்றேன். ஆறிப்போனா நல்லா இருக்காது" என்று குனிந்துகொண்டாள். பதில் என்ன என்று அவள் காதுமடலே சொல்லிக்கொண்டிருந்தது. ஒடகாருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதோடு விட்டிருந்தால் நானும் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஹெட்விகா ராதிமுக்கு ஒரு பீர் எடுத்துப் போனாள். கிளாஸின் காதைப் பிடித்ததும் கை திரும்பியது. கை திரும்பியதும் மோதிரத்தின் கறுப்புக் கோடு எழுந்து நின்றது. வாங்க நீண்ட ராதிமின் கை பாதியில் நின்றுவிட்டது.

"ஹெட்விகா, கையை ஆட்டாத. என்னை ஒரு நரி பாக்குது."

"வரும்போதே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?"

"உன் மேல சத்தியமா! இது நரிக்கண்ணு. செத்த நரியைப் பாடம் பண்ணி வைக்கிறப்ப போடுவாங்களே, கண்ணாடிக் கண்ணு, அது. என் வீட்டுச் சுவத்துல ஒரு நரி நிக்குது, தினம் அது மூஞ்சியிலதான் முழிக்கிறேன், எனக்குத் தெரியாதா? இந்த ஆளு அதைக் குறுக்கப் படுக்கப் போட்டிருக்கான் பாரு!"

கடை அதிர்ந்தது. பொத்தானைத் தடவிப் பார்த்து எந்தப் பள்ளத்தாக்குப் பட்டறையில் செய்தது என்று சொல்லுகிற ஒடகார், கண்ணைப் பார்த்துக் கண் என்று தெரியாமல் ஒரு கோடையே அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறான். அவனுக்குக் கழுத்துவரை சூடு ஏறியது. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது ஹெட்விகாதான்.

"போகட்டும் விடுங்கப்பா. பன்னிக்கண்ணைக் குடுக்காம விட்டானே!"

அப்போது மூலை மேசையிலிருந்து யாரோ சும்மா இருக்க மாட்டாமல் கேட்டார்கள்: "அப்ப ஜோடி எங்க?"

கண்ணாடிக் கண்ணை ஒற்றையாகச் செய்வதில்லை என்பது எங்கள் ஊரில் நண்டுசிண்டுக்கும் தெரியும். ஒரே கண்ணாடிக் கோலில் பக்கத்தில் பக்கத்தில் எடுத்தால்தான் நிறமும் கோடும் ஒத்துவரும். ஜோடியாகவே செய்வார்கள், ஜோடியாகவே விற்பார்கள். ஒன்று உடைந்தால் மற்றதையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். கேள்வி விழுந்த மாத்திரத்தில் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே கழுத்து ஞாபகம் வந்தது. தேவாலயப் பாட்டுக்குழுவை நடத்துகிற லிபுஷே டீச்சரின் கழுத்து. வசந்தகாலத்திலிருந்து ஞாயிறு தவறாமல் அதில் ஒரு தேன் நிறப் பதக்கம் தொங்குகிறதே!

"ஒரு கண்ணு இங்க, ஒரு கண்ணு அங்க! பலே நரிடா நீ!"

சிரித்தவர்கள் ஹெட்விகாவின் முகத்தைப் பார்த்ததும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள்.

"டீச்சர் போட்டிருக்கிறது நீங்க செஞ்சதுதானா?" என்றாள்.

இத்தனை வருஷமாக வாய்யா, போய்யா என்று இருந்தவள் 'நீங்க' என்றால் அதற்கு மேல் ஏசல் வேண்டியதில்லை.

"ஆமா. ஈஸ்டர் சந்தையில வித்தேன்."

"அதை அவங்களுக்கு வித்தீங்க. இது மிஞ்சிருச்சு. மிஞ்சினதுல எனக்கு மோதிரம்."

"மிஞ்சல, ஹெட்விகா. வச்சிருந்தேன்."

"விக்காததைத்தானே வச்சிருப்பாங்க?"

இது வேறு, அது வேறு என்று அவன் நெஞ்சுக்குத் தெரிகிறது. நெஞ்சுக்குத் தெரிந்ததை வாய்க்குக் கொண்டுவருவதற்குள் அவனுக்கு ஒரு யுகம் ஆகும். "இதுதான் நல்ல கல்லு" என்றான்.

"வியாபாரிங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க."

அவள் மோதிரத்தைக் கழற்றிக் கவுண்டர்மேல் வைத்தாள். அதன்மேல் ஒரு கிளாஸைக் கவிழ்த்தாள். "இது மிச்சமில்லன்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் இதைத் தொடமாட்டேன். ஒருதடவை போட்டுப் பட்டது போதும்." சொல்லிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ ஒரு பாத்திரம் வீசப்பட்ட சத்தம் கேட்டது.

நரி முகத்தில் விழித்தால் யோகம் என்பார்கள். ஒடகார் விழித்தது ஒற்றைக்கண் நரி முகத்தில். யோகமும் பாதி வழியில் நின்றுவிட்டது.

தேவாலயத்துக்கு மேலே இருக்கிற டீச்சர் வீட்டுக்கு, ஈர இலைகள் வழுக்குகிற மேட்டுப்பாதையில் அவன் ஓடினான். ஓடும்போதே ஒரு யோசனை. அந்தக் கண்ணையும் வாங்கிவந்து ஹெட்விகா கையில் கொடுத்துவிட்டால்? இரண்டும் அவளுடையது என்றால் மிச்சம் என்ற பேச்சு எங்கிருந்து வரும்? முட்டாள்தனமான யோசனைதான். ஆனால் ஓடுகிறவனுக்கு ஏதாவது ஒரு யோசனை வேண்டுமே.

லிபுஷே டீச்சர் பிளம் பழ ஜாம் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆள், ஆறடிக்குக் கொஞ்சம் குறைச்சல், நாற்பது பேர் பாட்டை ஒரு புருவத்தால் நிறுத்துகிறவள். அடுப்படியிலும் கழுத்தில் பதக்கம் கிடந்தது.

"மணி வச்சிருக்கேன் வாசல்ல. கதவை எதுக்கு உடைக்கிற?"

"டீச்சர், அந்தப் பதக்கத்தைத் திருப்பித் தர முடியுமா? வேற செஞ்சு தரேன். பச்சைக் கல்லு இருக்கு, ஊதா இருக்கு, எது வேணா..."

"கழுத்துல கிடக்கிறதைக் கழட்டிக் குடுன்னு கேக்குறதுக்கு ஒரு நெஞ்சழுத்தம் வேணும். விஷயம் என்ன?"

"அது... அது நரிக்கண்ணு டீச்சர்."

"தெரியுமே."

"தெரியுமா?"

"எங்க சித்தப்பா கண்ணாடிக் கண்ணு செய்யிற பட்டறையில இருந்தவர். வாங்கும்போதே தெரியும். ஆம்பளைங்க வரிசை தாளம் தப்புறப்ப இதைக் கொஞ்சம் நிமித்திப் பிடிச்சா போதும், ஒழுங்கா பாடிருவாங்க."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல விட்டியா? என்னை விரட்டுறதுலயே குறியா இருந்தே."

ஒடகார் கடையில் நடந்ததைச் சொன்னான். அவன் சொன்னால் எப்படி இருக்கும்? முதலில் முடிவு, அப்புறம் நடு, நடுவே மாவுருளை. ஜாமைக் கிண்டியபடி கேட்டுக்கொண்டிருந்த டீச்சருடைய கரண்டி ஓரிடத்தில் நின்றது.

"என்ன சொன்னா? திரும்பச் சொல்லு."

"அவளுக்கு வந்தது மிஞ்சினதாம்."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கட்டியிருந்த ஏப்ரனுக்கு மேலேயே கோட்டை மாட்டினாள்.

"நட."

"பதக்கம்?"

"கழுத்துலதான் இருக்கு. நடடா."

கடையில் ஒருத்தரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. சாப்பிட வந்தவர்கள் சாப்பிடாமலேயே உட்கார்ந்திருந்தார்கள். கவிழ்த்த கிளாஸுக்குப் பக்கத்தில் ராதிம் காவலுக்கு நின்றான். உள்ளிருந்து நரி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரைக் கண்டதும் யாரோ, "ரெண்டாவது கண்ணும் வந்துருச்சு" என்று முணுமுணுத்தார்கள். அவள் புருவம் உயர்ந்தது, முணுமுணுப்பு நின்றது.

"ஹெட்விகா! வெளிய வாம்மா. பெயர்நாள் வாழ்த்துச் சொல்லணும்."

ஹெட்விகா கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. "வாங்க டீச்சர். பதக்கம் உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு" என்றாள். அந்தக் குரலில் ஊறுகாய் போடலாம்.

"எடுப்பு கிடக்கட்டும். கேளு. ஈஸ்டர் சந்தையில இவன் தட்டுல ரெண்டு கல்லும் இருந்துச்சு. இது பதக்கத்துல. மத்தது சும்மா பஞ்சு மேல. பஞ்சு மேல இருந்ததுதான் நல்லது. இங்க வந்து பாரு, இதோட ஓரத்துல ஒரு குமிழி. அதுல ஒரு பொட்டு கிடையாது. எனக்குக் கண்ணு பாக்கத் தெரியும். அதைக் குடுன்னேன். மாட்டேன்னான். ரெண்டு மடங்கு தரேன்னேன். மாட்டேன்னான். ஏண்டான்னு கேட்டேன். 'அதுக்கு ஆள் இருக்கு டீச்சர்'ன்னான்."

ராதிம் குனிந்து கவிழ்த்த கிளாஸுக்குள் உற்றுப் பார்த்தான்.

"யாருன்னு கேட்டேன். மூஞ்சி பீட்ரூட் ஆயிருச்சு. பதில் இல்ல. பாதி விலைக்கு இதை என் கையில திணிச்சு, போங்க டீச்சர் போங்கன்னு அனுப்பிவிட்டான்." டீச்சர் பதக்கத்தை விரலால் தூக்கிக் காட்டினாள். அவள் குரல் இறங்கியது. "மிச்சம் எதுன்னு தெரிஞ்சுக்கணுமா? இதோ, என் கழுத்துல தொங்குது பாரு. எனக்கு வந்ததுதான் மிச்சம்."

தன் கழுத்து நகையைப் பற்றி அப்படி ஒரு சொல்லை ஊர் முன்னால் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு வராது. ஒடகாருக்கு அன்று சந்தையில் நடந்தது அப்படியே திரும்பி வந்தது. அந்த வார்த்தையை அவன் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. டீச்சர் போன பிறகுதான், யார் அந்த ஆள் என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். கேட்ட உடனே பதிலும் தெரிந்துவிட்டது. தெரிந்த பயத்தில் சந்தைக் கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அதை ஒரு சாட்சியாக எடுத்துச் சொல்லலாம் என்றுகூட அவனுக்குத் தோன்றியதில்லை. அதை ஒரு வெட்கமாகத்தான் இத்தனை நாள் வைத்திருந்தான்.

ஹெட்விகா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஈஸ்டர்லயா சொன்ன?"

"ஆமா."

"பனிகூட முழுசா உருகல. அப்பவே ஆள் இருக்குன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"ஊருக்குச் சொல்ல ஈஸ்டரு, எனக்குச் சொல்ல அக்டோபரா?"

"மோதிரம் சரியா வரல ஹெட்விகா, மூணு தடவை உருக்கி..."

"மோதிரத்தைத் தூக்கிக் குப்பையில போடுய்யா! ஒரு கோடைக்காலமே போச்சே! வாசல்ல ஒத்தையா உக்காந்து செர்ரிக் கொட்டையைத் துப்பிக்கிட்டு இருந்தேனே! பக்கத்துல காலி நாற்காலி கிடந்துச்சே, உன் கண்ணுக்குத் தெரியலையா?" தோளில் கிடந்த துண்டை உருவி அவன் முதுகில் ஒரு சாத்து சாத்தினாள். இரண்டாவது அடிக்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்போடு அழுகையும் வந்தது. அந்த அடியைப் போல இன்பமான ஒன்று தன் வாழ்க்கையில் நடந்ததே இல்லை என்று ஒடகார் நினைத்தான்.

அப்புறம் அவள் டீச்சரிடம் போய் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உயரம் போதாமல் டீச்சர் குனிய வேண்டியிருந்தது. இரண்டு பேரும் காதோடு காதாக ஏதோ பேசினார்கள். என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. "உக்காருங்க டீச்சர். முதல் தட்டு உங்களுக்குத்தான்" என்று ஹெட்விகா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இறைச்சியும் பாலேட்டுக் குழம்பும் மாவு வில்லைகளும் வந்தன. குழம்பு ஆறியிருந்ததால் புதிதாக வைத்தாள். ஊர் பொறுமையாகப் பசித்திருந்தது.

ராதிம் கிளாஸை நிமிர்த்தினான். ஹெட்விகா மோதிரத்தை எடுத்துத் தானே போட்டுக்கொண்டாள். "சரிய்யா. பண்ணிக்கலாம்" என்றாள். கடையில் எழுந்த கூச்சலுக்குத் தேவாலயக் கோபுரத்துப் புறாக்கள் பறந்தன.

கூச்சல் அடங்கட்டும் என்று காத்திருந்த ஒடகார் அவள் கையைப் பிடித்தான். பிடித்துக் கண்ணருகே கொண்டுபோனான். முத்தம் கொடுக்கப்போகிறான் என்றுதான் கடையே நினைத்தது.

"உள்பக்கம் அரம் பட்ட தழும்பு ஒண்ணு இருக்கு ஹெட்விகா. இப்பத்தான் தெரியுது. ஒரு வாரம் குடு, சரி பண்ணித் தந்துடறேன்."

ஹெட்விகா கையை வெடுக்கென்று இழுத்து முஷ்டியை மூடிக்கொண்டாள்.

"உன் ஒரு வாரம் எவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியும்யா. தழும்பு இருந்துட்டுப் போகட்டும். இதை நான் கழட்டறதா இல்ல."